காணாமல் போன இருபத்து மூன்று வோல்ட்

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாகத் தூங்குகிறது. தெருவில் எல்லாருக்கும் அவன் வோல்ட்டு. ஃபேன் ஓடவில்லை என்று யாராவது போன் செய்தால் "வந்து பார்க்கிறேன்" என்று சொல்ல மாட்டான், "வோல்ட் எவ்வளவு காட்டுது?" என்றுதான் கேட்பான். அடுப்படியில் நின்று பேசுகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? ஒருமுறை எதிர்வீட்டுக்காரர் தனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றார். பழக்கதோஷம், "எத்தனை வோல்ட்?" என்று கேட்டுவிட்டான். தெரு சிரித்த சிரிப்பில் பெயர் ஒட்டிக்கொண்டது.

வயர்மேன் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம். இடுப்பில் மஞ்சள் மீட்டர், சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். மற்ற வயர்மேன்கள் கையை வைத்துப் பார்த்தும் மூக்கை வைத்து மோந்தும் கோளாறைப் பிடிப்பார்கள். இவனுக்கு எல்லாமே கணக்குதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கரண்ட் போகிற வழி எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ், அதாவது அங்கே எவ்வளவு சூடு கிளம்புகிறது என்பது. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்திவிட்டான். சுவர் என்றும் பார்க்க மாட்டான், பென்சிலை எடுத்தால் கிறுக்கிவிடுவான். அவன் வேலை பார்த்த வீடுகளில் சுவிட்ச் போர்டின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கணக்கு இருக்கும். வீட்டுக்காரிகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அவனைத் திட்டுவார்கள்.

இத்தனை கணக்குத் தெரிந்த மகாராசன் ஒரே ஒரு நாள் கணக்குப் போடச் சோம்பல்பட்டான். அதுவும் எங்கே? கூடப் பிறந்த அக்கா வீட்டில். கேட்கிற எனக்கே வயிறு எரிகிறது, செய்த அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். தையல்காரி. அப்பா கண்ணை மூடிய பிறகு அவள் மிதித்த மெஷினில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, தம்பியும் தொழிற்பள்ளிக்குப் போனான். படிப்பு அவன் மண்டையில் லேசில் ஏறாது. அக்கா மெஷினை மிதித்துக்கொண்டே அவனை எதிரில் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வாள். "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா?" "ஓம்." "பெருக்கினா?" "வாட்ஸ்." மாற்றிச் சொன்னால் கத்திரிக்கோலின் கைப்பிடியால் முட்டியில் ஒரு தட்டு விழும். ஓம் என்றால் என்ன, வாட்ஸ் என்றால் என்ன என்று அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு வரி அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. அந்த மஞ்சள் மீட்டர்கூட ஒரு மழைக்காலம் முழுக்க தலையணை உறை தைத்து அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு வயரிங் செய்தது வோல்ட்டுதான். பார்த்துப் பார்த்துத்தான் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி நாள் இரண்டு இடத்தில் கம்பிகளை இணைக்கக் கனெக்டர் தீர்ந்துவிட்டது. முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. கம்பிகளை வெறும் கையால் முறுக்கி, டேப்பைச் சுற்றி, சுவரில் பதித்த மரப்பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு, "நாளைக்கு வந்து கனெக்டர் போட்டுடறேன்கா" என்றான். "உன் வீடுதானேடா, எப்ப வேணா போடு" என்றாள் அக்கா. வெளியாள் வீடாக இருந்தால் அன்றைக்கே கடைக்கு ஓடியிருப்பான். அக்கா வீடு என்பதால் அந்த நாளைக்கு ஒன்பது வருஷமாக விடியவே இல்லை. முறுக்கிவிட்ட கம்பி சூடேறி ஆறி, சூடேறி ஆறி, வருஷம் போகப் போகத் தளரும், கறுக்கும், கரண்டை மறிக்கும். இது அவனுக்குத் தெரியாததா? ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனாச்சே.

போன வருஷம் ஒருநாள் அக்கா கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைக்க எடுத்திருந்தாள். முன்னறைதான் அவளுடைய தையல் அறை. வோல்ட்டு போனபோது காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றான். ஒரு பெரிய மண்டபத்தில் அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது விளக்கு மாட்டியாக வேண்டும்.

"இஸ்திரிப் பெட்டி முன்ன மாதிரி சுடலைடா. ஒரு தடவை இழுக்கற எடத்துல நாலு தடவை இழுக்கறேன். பெட்டியைப் போட்டா லைட்டு வேற கண்ணு சொக்கற மாதிரி மங்குது" என்றாள் அக்கா.

வோல்ட்டு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். மீட்டரின் இரண்டு முனையையும் பிளக் ஓட்டையில் செருகினான். இருநூற்று முப்பது.

"பாரு, முழுசா இருநூத்து முப்பது இருக்கு. லைன்ல ஒரு குத்தமும் இல்ல. உன் பெட்டிக்கு வயசாயிடுச்சு."

"லைட்டு மங்குதே?"

"உனக்கும்தான் வயசாகுது. கண்ணைக் காட்டு முதல்ல" என்று சிரித்தான். நின்றபடியே தேநீரைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் கம்பியில் கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாதபோது எப்பேர்ப்பட்ட ஓட்டை முடிச்சும் முழு வோல்ட்டைத்தான் காட்டும். பெட்டியைச் சூடேறவிட்டு, அது கரண்டை இழுக்கிற நேரத்தில் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். வேலை கற்றுக்கொள்ள வருகிற முதல் வாரத்திலேயே யாரும் தெரிந்துகொள்கிற சமாசாரம். வோல்ட்டுக்கு அதற்கு இரண்டு நிமிஷம் பிடித்திருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் அவன் மிச்சம் பிடித்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் முன்னறை எரிந்தது. அக்கா இரண்டு மணி நேரம் துணி தேய்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது ஜன்னல் வழியாகப் புகை. அக்கம்பக்கத்து ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. நாற்பது சீருடையும் போயின, மெஷின் போயிற்று, மெஷினை இழுக்கப்போன அக்காவின் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

வோல்ட்டு அலறியடித்துக்கொண்டு ஓடினான். மெயினை அணைத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே போனவன் அந்த மரப்பெட்டியைத்தான் முதலில் பார்த்தான். உள்ளிருந்து வெளியே எரிந்திருந்தது. முடிச்சு உருகிக் கறுத்து ஒரு மிளகு அளவுக்குச் செம்பு உருண்டையாகக் கிடந்தது. பிறகு தரையில் இஸ்திரிப் பெட்டி. அதன் பிளக்கை எடுத்துப் பார்த்தான். மூன்று முனையும் நுனிவரை கரி படிந்திருந்தது. எரியும்போது பிளக் சுவரில் செருகி இருந்திருந்தால் அந்த முனைகள் ஓட்டைக்குள் மறைந்து பளபளவென்று இருந்திருக்கும். அக்கா பெட்டியை அணைத்ததோடு விடவில்லை, பிளக்கையே பிடுங்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவள் தேய்த்த இரண்டு மணி நேரமும் முடிச்சு மரத்துக்குள் கனன்று, அவள் போன பிறகு பற்றிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்காதபோது அந்தச் செம்பு உருண்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெளியே வந்தான். அக்கா வாசற்படியில் கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"இஸ்திரிப் பெட்டியை அணைக்காமப் போயிருக்கா! வேற என்ன? என்ன மாப்ளே, அப்படித்தானே?"

ஊர் முழுக்க நின்று பார்த்தது. வோல்ட்டு வாயைத் திறந்தான். இருபத்தாறு வருஷத் தொழிலும், தெருவில் இருந்த பெயரும், அக்காவின் முகமும் ஒன்றாகக் கண்முன் வந்தன. பேச வந்ததை மென்று முழுங்கினான்.

"இருக்கலாம்" என்றான்.

ஒரே ஒரு வார்த்தை. பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, உண்மை என்று ஏற்கவும் முடியாது. கோழைகளுக்கென்றே செய்துவைத்த வார்த்தை. அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அணைச்சேன்னுதான் ஞாபகம்" என்று முனகினாள். பிறகு, "தம்பியே சொல்றானே. அவனுக்குத் தெரியாததா? நான்தான் மறந்திருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வோல்ட்டு அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேலை இருக்கிறது, தலைவலி, வண்டி பஞ்சர் என்று ஆயிரம் சாக்கு. அந்தச் செம்பு உருண்டையை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு, கருவிப் பையின் அடியில் வைத்திருந்தான். தூக்கி எறியவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் இல்லை. ஆனால் ஒன்று செய்தான். அக்கா வீட்டுக்கு வயரிங் செய்த அதே வருஷத்தில் தான் வேலை பார்த்த மற்றப் பதினொரு வீட்டுக்கும் தானாகவே போனான். "சும்மா ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்" என்று ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் கனெக்டர் ஒழுங்காக இருந்தது. இருக்காதா பின்னே? அவையெல்லாம் வெளியாள் வீடுகள். பன்னிரண்டாவது வீட்டின் பின்னறையில் இன்னொரு முறுக்கு முடிச்சு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அங்கே போக மட்டும் கால் வரவில்லை. தூக்கம் கெட்டுக் கிடப்பான், காலையில் எழுந்து வேறு வீட்டுக்குப் போவான். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

அக்காவின் சேதி எல்லாம் அவனுடைய மனைவி வழியாகத்தான் வந்தது. அக்கா தைப்பதை விட்டுவிட்டாள். அத்தான் புதிதாக ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்கிறார், காலர் எப்போதும் கோணல். அக்கா வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தெருமுனைவரை போவதென்றாலும் அதில் எழுதுகிறாள்: அடுப்பு அணைத்தேன், ஃபேன் அணைத்தேன், கெட்டில் அணைத்தேன். எழுதிவிட்டுப் பாதி வழி போய், எழுதியது நிஜமா என்று திரும்பி வருகிறாள். கடைசியில் வெளியே போவதையே விட்டுவிட்டாள். அடுத்த தெருவில் இருக்கிற மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். "கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேனே, நீ போய் வேலையைப் பாரு" என்று அக்கா கை நீட்டினால், "வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"கூடப் பிறந்தவங்களை இப்படியா விடுவாங்க? ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்பாள் மனைவி.

"போறேன், போறேன்" என்பான். மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பான், துடைக்க அதில் தூசு ஒன்றும் இருக்காது.

ஒரு விடுமுறை நாளில் அக்காவே போன் செய்தாள்.

"தம்பி, ஒரு உதவி. பின்னாடி ரூமுக்குப் போற கரண்டை வெட்டி விட்டுடு."

"எதுக்குக்கா?"

"நான் அங்கதானே படுக்கறேன். கரண்டே இல்லேன்னா மறக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது பாரு. வெளிச்சத்துக்கு ஜன்னல் இருக்கு."

அவள் அழவில்லை. காய்கறி வாங்கி வா என்பதைப்போலச் சொன்னாள். வோல்ட்டு போனை வைத்தான். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

முன்னறைக் கதவு பூட்டியே இருந்தது. கூடத்தில் அத்தான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார், மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா, வழி தெரிஞ்சுதா?" என்றாள் மகள். அவன் பல்லைக் காட்டிவிட்டுப் பின்னறைக்குள் நுழைந்தான். அக்கா இளைத்திருந்தாள். வலது உள்ளங்கையில் தோல் சுருங்கிப் பளபளத்தது. அவன் அதைப் பார்க்காத மாதிரி போர்டைப் பார்த்தான்.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது" என்றாள். "உங்க அத்தான் இங்க வெச்சுத்தான் சட்டை தேய்க்கறாரு. அவரு பெட்டியைப் போடும்போது இந்த லைட்டு மங்கற மாதிரி எனக்குத் தோணுது. அவரைக் கேட்டா, 'அதெல்லாம் இல்ல, உனக்குத்தான்'ங்கறாரு. இருக்கும். எனக்குத்தான் எதுவுமே நிச்சயமாத் தெரியறதில்லையே."

மூன்று நிமிஷத்தில் கம்பியை வெட்டிவிட்டுப் போய்விடலாம். முடிச்சுக்குக் கரண்ட் போகாது, ஆபத்தும் இருக்காது, யாருக்கும் எதுவும் தெரியாது. அக்கா மட்டும் இருட்டில் உட்கார்ந்திருப்பாள், தன் புத்தியை நம்பாமலேயே. இதை அவன் யோசித்துப் பார்த்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறைப்பானேன்?

"அத்தான், அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் கொடுங்க" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

போர்டில் இரண்டு பிளக் ஓட்டை இருந்தன. ஒன்றில் பெட்டியைச் செருகினான், இன்னும் சுவிட்சைப் போடவில்லை. பக்கத்து ஓட்டையில் மஞ்சள் மீட்டரை வைத்தான். இருநூற்று முப்பது. சுவிட்சைப் போட்டான். விளக்கு லேசாகக் கண் சொக்கியது. மீட்டரின் எண்கள் இறங்கி இருநூற்று ஏழில் நின்றன. வாசலில் இருக்கும் மெயின் போர்டுக்கு ஓடிப் பார்த்தான். அங்கே அதே இருநூற்று முப்பது, அசையவில்லை.

"மங்கறது நிஜம்தான்கா" என்றான்.

"நிஜமா?" அக்கா எழுந்து பக்கத்தில் வந்தாள். "அப்ப அந்த மிச்சம் எங்க போச்சு?"

"வர்ற வழியில."

"எவ்வளவு மிச்சம்? இருநூத்து முப்பதுல இருநூத்து ஏழு போனா…" தையல்காரிக்குக் கழித்தல் எல்லாம் விரல்நுனியில். "இருபத்து மூணு."

அவன் போர்டைத் திறந்து, கிளாம்ப் மீட்டரால் ஒரு கம்பியைச் சுற்றிப் பிடித்தான். கம்பியை வெட்டாமலேயே அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்கிற இடுக்கி அது. மூன்று புள்ளி ஒன்பது ஆம்பியர். காதில் இருந்த பென்சிலை எடுக்கப் போனான். பென்சில் நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது.

அக்கா ஜன்னல் ஓரத்தில் கிடந்த பழைய தையல் சாக்குக்கட்டியை எடுத்தாள். மேசைமேல் எழுதினாள். "வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம். இருபத்து மூணை மூணே முக்கால் சொச்சத்தால… சரி, நாலுன்னே வெச்சுக்கோ. கிட்டத்தட்ட ஆறு. ஆறு ஓமா? அது சரியா, தப்பா?"

"நல்ல முடிச்சா இருந்தா அரை ஓம்கூட இருக்கக் கூடாது."

"பெருக்கினா வாட்ஸ்." சாக்குக்கட்டி கிறீச்சிட்டது. "தொண்ணூறு வருது. தொண்ணூறு வாட்ஸ்னா எவ்வளவுடா?"

"நான் ஈயம் உருக்கறனே, அந்தக் குச்சியே அறுபது வாட்ஸ்தான்கா."

"அது எங்க இருக்கு, இந்தத் தொண்ணூறு?"

அவன் சுவரில் இருந்த மரப்பெட்டியைக் காட்டினான். அக்கா இடது கையை அதன் மூடிமேல் வைத்தாள், வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அவள் சுவிட்சை அணைத்தாள். மேசைமேல் எழுதிய எண்களைப் பார்த்தாள். பூட்டிக் கிடக்கிற முன்னறை இருந்த திசையைப் பார்த்தாள். கணக்கு அவள் மண்டைக்குள் ஒவ்வொரு படியாக ஏறுவதை வோல்ட்டு பார்த்துக்கொண்டே நின்றான். ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அன்னைக்கு முன் ரூம்லயும் லைட்டு மங்குச்சு" என்றாள். "உன்கிட்ட சொன்னேன். பெட்டியும் சுடலைன்னு சொன்னேன். அங்கயும் சுவத்துல இதே மாதிரி ஒரு மரப்பெட்டி இருந்துச்சு."

அவன் மீட்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினான்.

"அங்கயும் இதே முடிச்சாடா?"

இருக்கலாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. எட்டு மாதமாக அவனைத் தின்ற வார்த்தைக்கு வெட்கமே இல்லை.

"ஆமாக்கா" என்றான். "என் முடிச்சுதான். நாளைக்கு வர்றேன்னு போயிட்டு வரவே இல்ல. அன்னைக்கு நீ கூப்பிட்டப்பவும் பெட்டியைப் பிடுங்கிட்டு வெறும் வோல்ட்டைப் பார்த்தேன். பெட்டியைப் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல." பையின் அடியில் இருந்த மிட்டாய் டப்பாவைத் திறந்து செம்பு உருண்டையை மேசைமேல் வைத்தான். "தீ இதுலேருந்துதான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அக்கா அந்த உருண்டையைத் தொடவில்லை. "அப்ப நான்?" என்றாள். "நான் அணைச்சேனா?"

"அணைச்சே. பிளக்கையே பிடுங்கி வெச்சிருந்தேக்கா. முனையெல்லாம் கரி படிஞ்சிருந்துச்சு, நான் பார்த்தேன்."

"பிடுங்கினேனா?"

"பிடுங்கினே."

"எனக்கு ஞாபகம் இருந்துச்சுடா" என்றாள் அக்கா. "பிடுங்கினது ஞாபகம் இருந்துச்சு. வயரைச் சுத்தி வெச்சதுகூட. அப்புறம் நீ சொன்னதும், அதெல்லாம் வேற ஏதோ ஒரு நாள்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. காலில் விழலாம் என்று குனிந்தான்.

"எந்திரி" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இங்க சொன்னதை வந்து அங்க சொல்லு."

கூடத்தில் நின்று சொன்னான். முடிச்சு, வெறும் வோல்ட், பிளக் முனை, 'இருக்கலாம்' என்று ஒன்றையும் விடவில்லை. பூசி மெழுக வந்த இடத்தில் எல்லாம் அக்கா, "அது இல்ல, சரியாச் சொல்லு" என்றாள். சின்ன வயதில் ஒப்பிக்கச் சொன்ன அதே குரல். அத்தான் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "எட்டு மாசமா நான் இவளை…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மகள் மாமாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா நேராக மகளிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். மகள் குழந்தையைக் கொடுத்தாள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள்.

"எங்கம்மா போறே?"

"கடைத்தெருவுக்கு. நூல் வாங்கணும்."

"அக்கா" என்றான் வோல்ட்டு. "என்னை ஒரு வார்த்தை திட்டிட்டாவது போ."

"உன்னைத் திட்டறதுக்கு எனக்கு இப்ப நேரம் இல்ல. எட்டு மாசம் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டேன்." படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த முடிச்சைப் பிரிச்சுக் கனெக்டர் போட்டுட்டுப் போ. இன்னைக்கே போடு. போட்டதும் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பாரு. இனிமே இந்த வீட்டு வேலைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

போய்விட்டாள். வாசலில் தொங்கிய நோட்டுப் புத்தகம் காற்றில் ஆடியது. அன்றைய பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

வோல்ட்டு மெயினை அணைத்துவிட்டு மரப்பெட்டியைத் திறந்தான். கறுத்த முடிச்சை வெட்டி எறிந்தான், கம்பியைச் சுரண்டிப் புதுக் கனெக்டரில் வைத்துத் திருகை இறுக்கினான். மெயினைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேறவிட்டுப் பார்த்தான். இருநூற்று இருபத்தொன்பது. விளக்கு அசையவில்லை. பெட்டியை அணைத்தான், பிளக்கைப் பிடுங்கினான், வயரைச் சுற்றி வைத்தான். பையைத் தூக்கிக்கொண்டு "வர்றேன் அத்தான்" என்றான். அத்தான் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

தெருமுனைவரை வந்துவிட்டான். திருகை இறுக்கினோமா? இறுக்கியது ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகம் இன்றையதா, வேறு ஏதோ ஒரு நாளுடையதா? வண்டியைத் திருப்பினான். உள்ளே போய் மூடியைத் திறந்து பார்த்தான், இறுக்கித்தான் இருந்தது. மறுபடியும் தெருமுனை. பிளக்கைப் பிடுங்கினோமா? மறுபடியும் திரும்பினான். மூன்றாவது தடவை அவன் படியேறியபோது மகள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. அணைச்சிருக்கான்னு பார்க்க வந்தேன்."

"நீங்க அணைச்சதை நான் பார்த்தேன் மாமா."

"நிஜமாவா?" என்று கேட்டான். கேட்டுவிட்டும் அவன் பின்னறைக்குப் போனான். மரப்பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தான். குளிர்ந்துதான் இருந்தது. கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றான்.